அண்டாவிலே ஒரு பெயர்

நடுவர் அவர்களே! அடுப்பிலே குழம்பை வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

'மனிதன் நிலைப்பது செயலாலா, பெயராலா?' எதிரணித் தலைவர் செம்புலப்பெயனீராரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். "புலவர் பேர் தொலைஞ்சுபோச்சு, பாட்டு நின்னுச்சு. ஆகவே செயல்தான்" என்றார். தட்டினீர்கள். நானும் தட்டினேன்.

ஆனால் ஐயா, பாட்டே போதும் என்றால் அப்படியே விட்டிருக்கலாமே? விட்ட பாட்டும் சில உண்டு. பல இடத்திலே மனசு வரலை! பாட்டுக்குள்ளேயே ஒரு தொடரைத் தேடியெடுத்துப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார். எல்லாம் குறுந்தொகைக்காரர்கள்.

2015-இல் தொடங்கிய கீழடி அகழாய்விலே பானை ஓடு கிடைத்தது. 'ஆதன்', 'குவிரன்' என்று தமிழி எழுத்து. எகிப்திலே, செங்கடல் கரையிலே, குசேர் அல் காதிம் துறைமுகத்தில் கிடைத்த ஓட்டில் 'சாதன்'. என்ன சாதித்தான்? மிளகு விற்றானா, கப்பலில் வந்தானா? தெரியாது. ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு நான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறேன்! (கைதட்டல்)

என் கதைக்கு வருகிறேன். அப்பா காலமானபின் ராமேஸ்வரம் போனோம். புரோகிதர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். ஆண்களை மளமளவென்று ஒப்பித்தேன். பாட்டி பெயரும் சொன்னேன். "அவங்க மாமியார் பேரு?" முழித்தேன். பெயர்க்காரணம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவன்! (சிரிப்பு)

ஊருக்குப் போய் அத்தையைக் கேட்டேன். "பேர் சொல்லி யாருடா கூப்பிட்டா? ஊருக்கே அவ ஆத்தா." பழைய பத்திரத்தைப் பிரித்தேன். 'மேற்படியார் மனைவி' என்று எழுதியிருந்தது. திடீரென்று அத்தை சொன்னாள்: "அட, அவ சீர் கொண்டுவந்த பித்தளை அண்டாவுல பேரு வெட்டியிருந்துச்சே!"

எனக்குக் கீழடியே கிடைத்த மாதிரி. "அண்டா எங்கே அத்தே?"

"உன் கல்யாணத்துக்கு அதைப் போட்டுத்தானடா எவர்சில்வர் குடம் வாங்கினோம். நீதானே கடைவரைக்கும் தூக்கிட்டு வந்தே!"

ஆமாம். தோளிலே தூக்கினேன். கழுத்தோரம் வெட்டிய எழுத்து என் காதுப்பக்கந்தான் இருந்திருக்கும். தமிழ் எம்.ஏ. படித்தவன், அதைப் படிக்கவில்லை.

அந்த ஆத்தா ஒன்பது பிள்ளை வளர்த்தாள். ஏற்றம் இறைத்தாள். பஞ்சத்திலே ஊருக்குக் கஞ்சி ஊற்றினாளாம். செயலுக்கு ஒரு குறைச்சலும் இல்லை நடுவர் அவர்களே. கூப்பிடத்தான் பேர் இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள்.