மழைக்காலத்துக்கு மட்டும் ஒரு சந்தா



“மாதம் 169 ரூபாய் கட்டினால் லட்சக்கணக்கான புத்தகம் படிக்கலாமாம். கட்டலாமா?”

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம் தாண்டி மரக்காணம் போகிற வழியில் இருக்கிறது பெரிய முதலியார்சாவடி. இந்தப் பக்கத்தில் இப்போது கல்லூரிப் பிள்ளைகளும் இதைக் கேட்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்களும் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாவல் வாங்குவதென்றால் புதுச்சேரிக்குப் பேருந்து ஏற வேண்டும். போய் இறங்கினால், கொஞ்சம் தடிமனான தமிழ் நாவல் ஒன்று முந்நூறு ரூபாயைச் சாதாரணமாகத் தொட்டு நிற்கிறது. அதில் ஏறக்குறையப் பாதிக் காசுக்கு மாதம் முழுக்கப் படிக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அவர்கள் சொல்வது அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் சந்தாவை. அமெரிக்காவில் 2014 ஜூலையில் தொடங்கிய திட்டம், 2015 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. தமிழ் மின்னூல்கள் அந்தக் கடையில் ஏறியது 2016 கடைசியில். தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டாம், கைபேசியில் செயலி இருந்தால் போதும். ஒரு நேரத்தில் 20 புத்தகம் வரை எடுத்து வைத்துக்கொள்ளலாம். இருபத்தோராவது வேண்டுமென்றால் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சந்தாக் காலம் முடிந்த பிறகு எடுத்து வைத்த எதுவும் திறக்காது.

ஆக, இது வாடகை நூலகம். அது நமக்குப் புதிதில்லை. சென்னையில் ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி 1955-இலேயே தொடங்கிவிட்டது. முன்பணம் கட்டிவிட்டு, புத்தகத்தின் விலையில் ஒரு சிறு பங்கை வாடகையாகக் கொடுத்து எடுத்துப் போகும் முறை அது. எடுக்கிற புத்தகத்துக்குத்தான் காசு. எடுக்காத மாதம் செலவே இல்லை. மாதச் சந்தா அப்படியில்லை, பாருங்கள். நீங்கள் படித்தாலும் ஓடும், படிக்காவிட்டாலும் ஓடும். உடற்பயிற்சிக் கூடங்கள் பல ஊர்களில் பிழைத்துக்கொண்டிருப்பதே பணம் கட்டிவிட்டு வராதவர்களால்தான்.

சரி, கணக்கைப் பார்ப்போம். 169 ரூபாய் என்பது ஆண்டுக்கு 2,028 ரூபாய். இதை எதோடு ஒப்பிடுவது? பலரும் செய்கிற கணக்கு இது: “போன மாதம் ஆறு புத்தகம் எடுத்தேன், ஒன்று நூறு ரூபாய் என்றாலும் அறுநூறு ரூபாய் மிச்சம்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆறில், சந்தா இல்லாமல் இருந்தால் எத்தனையைக் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்கள்? ஒன்றா, இரண்டா? அதை மட்டும்தான் வரவில் எழுத வேண்டும். எடுத்து நாற்பது பக்கத்தில் விட்டதை எழுதக் கூடாது. சும்மா கிடைக்கிறதே என்று எடுத்ததையும் எழுதக் கூடாது. இப்படிக் கறாராக எழுதினால் பல வீடுகளில் அறுநூறு ரூபாய் மிச்சம் எழுபது ரூபாய் நஷ்டமாக மாறிவிடும்.

அந்த லட்சக்கணக்கான புத்தகம் என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கடையில் இருக்கிற மின்னூல் எல்லாம் சந்தாவுக்குள் வராது. பதிப்பாளரோ எழுத்தாளரோ சம்மதித்துச் சேர்த்தவைதான் வரும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம், செலவில்லாதது. நீங்கள் உண்மையிலேயே படிக்க நினைத்திருக்கிற பத்துப் புத்தகத்தின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் அமேசான் கடையில் தேடுங்கள். சந்தாவில் சேர்ந்த புத்தகம் என்றால் விலைக்குப் பக்கத்திலேயே அந்த அடையாளம் இருக்கும். பத்தில் ஆறு ஏழு இருந்தால் மேலே யோசிக்கலாம். இரண்டுதான் இருந்தால், அந்த இரண்டையும் விலைக்கு வாங்கிவிடுவது மலிவு.

இருக்கிற அந்த ஆறு ஏழிலும் இன்னொரு சல்லடை போட வேண்டும். பொன்னியின் செல்வன் என்று தேடிப் பாருங்கள். ஒன்றல்ல, ஆளுக்கொரு அட்டை போட்டு வரிசையாக வந்து நிற்கும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். அதே பொன்னியின் செல்வன் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் ஒரு காசு இல்லாமல் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி அது. உலகம் முழுக்க இருக்கிற தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்திச் சேர்த்த தமிழ் நூல்கள் அங்கே இருக்கின்றன. நமது கரையைப் பற்றிய பாட்டும் அதில் உண்டு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர், மரக்காணத்துக்குச் சற்று வடக்கே. அந்தப் பாட்டில் வரும் எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டிய பகுதிதான் என்பது அறிஞர் பலருடைய கருத்து. அந்தப் பாட்டும் அடங்கிய பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889-இல் அச்சேற்றியபோது அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் எத்தனை பேரோ! இன்று உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து கைபேசியில் அதை இலவசமாகப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, பழைய பதிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். எழுத்தாளர்களே விரும்பிக் கொடுத்த இன்றைய நூல்களைக் கைபேசிக்கு ஏற்ற வடிவில் தரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளமும் 2013 முதல் நடக்கிறது. இங்கெல்லாம் கிடைப்பதைச் சந்தாவின் பெருமையில் சேர்ப்பது, சொந்தக் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விலைக்கு வாங்குவது மாதிரி.

இந்த இடத்தில் நமது பக்கத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. திண்டிவனத்துக்கு அருகே ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். அப்போது முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். பாரதியின் எழுத்து தனியார் கையிலிருந்து அரசின் கைக்கு வந்தது அவர் ஆட்சியின் கடைசியில், 1949-இல். அந்த வழியிலேயே பின்னால் வந்த அரசுகள் கல்கி, புதுமைப்பித்தன் என்று பலரை நாட்டுடைமை ஆக்கின. இன்னொன்றும் அவர் காலத்தில் நடந்தது. 1948-இல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அப்படியொரு சட்டம் அதுதான் முதல். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தி வந்ததன் பலன். அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. இன்று அது வரி ரூபாய்க்குப் பத்துக் காசு. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருப்பார்கள்.

அதாவது, நீங்கள் ஏற்கெனவே ஒரு புத்தகச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நிறுத்தவும் முடியாத சந்தா. அதைப் பயன்படுத்துகிறோமா என்று கேட்டுக்கொள்ளாமல் இரண்டாவது சந்தாவைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அரசு நூலகத்தில் உறுப்பினராவதற்குக் கட்டுகிற பணம் ஒரு சினிமாச் செலவுக்குக் கூட வராது. கோட்டக்குப்பத்தில் அஞ்சுமன் நூலகம் இருக்கிறது. புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம், 1827-இல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. பக்கத்திலேயே ஆரோவில் நூலகம்.

ஆனால் நூலகத்தின் குறையையும் மறைக்க வேண்டாம். காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிற பெண்ணுக்கு, கிளை நூலகம் திறந்திருக்கிற நேரம் ஒருநாளும் ஒத்துவராது. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அச்செழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்க நூலகரால் முடியாது, கைபேசியால் முடியும். பார்வை மங்கியவர்களுக்கு வாசித்தும் காட்டும். பிறகு இந்த உப்புக் காற்று. கடலோர வீட்டில் புத்தகம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஐப்பசி பிறந்தால் தாள் நமத்துப்போய் அட்டையில் பூஞ்சை படரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது, பரணுக்கு ஏற்றாத புத்தகமெல்லாம் ஊறிப்போன வீடுகள் உண்டு. மின்னூலை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் இணையம் போனாலும் படிக்கலாம், கைபேசியில் உயிர் இருக்கும் வரை.

இனி, யாருக்கு இந்தச் சந்தா கட்டுப்படியாகும்? என் கண்ணில் பட்டவரை, குடும்ப நாவல் வாசகிகளுக்கு. ஒரு நாவலை ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறுநாள் அடுத்ததைத் தொடுகிறவர்கள். ஒரு காலத்தில் பேருந்து நிலையக் கடையில் மாத நாவல் வாங்கியவர்களின் வாரிசுகள். அவர்கள் விரும்பும் எழுத்தாளர்கள் ஏராளமானோர் நேரடியாகவே அங்கே பதிப்பித்துச் சந்தாவிலும் சேர்க்கிறார்கள். மாதம் பத்து நாவல் படிக்கிற ஒருவருக்கு 169 ரூபாய் என்பது நாவலுக்குப் பதினேழு ரூபாய். விலைக்கு வாங்கி இதைவிட மலிவாகப் படிக்க வழியில்லை. அப்படிப் படிப்பதை யாராவது இளக்காரமாகப் பேசினால் அவர்களை விட்டுத்தள்ளுங்கள். ஒரே கணக்கைத் தாயும் மகளும் ஆளுக்கொரு கைபேசியில் வைத்துக்கொண்டால் இன்னும் லாபம்.

இதன் இன்னொரு பக்கத்தையும் வாசகர் அறிந்திருப்பது நல்லது. தொடக்கத்தில், எடுத்த புத்தகத்தில் பத்து விழுக்காடு படித்துவிட்டால் எழுத்தாளருக்கு முழுப் பங்கு கிடைத்தது. உடனே முப்பது பக்கக் குட்டிப் புத்தகங்கள் மழையாகக் கொட்டின, இரண்டு மூன்று பக்கம் புரட்டினாலே காசு அல்லவா! 2015 ஜூலையிலிருந்து, வாசகர் படித்த பக்கத்துக்கு இவ்வளவு என்று மாற்றினார்கள். இப்போது நீளத்துக்கு மதிப்பு. இரண்டு பாகம், மூன்று பாகம் என்று கதை நீள்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. தவிர, சந்தாவில் சேர்க்கிற மின்னூலைத் தொண்ணூறு நாளைக்கு வேறெங்கும் மின்னூலாகத் தரக் கூடாது என்பது சொந்தமாகப் பதிப்பிக்கும் எழுத்தாளருக்கான நிபந்தனை.

இதெல்லாம் அமேசான் கண்டுபிடித்த வித்தை இல்லை. லண்டனில் சார்லஸ் எட்வர்டு மூடி என்பவர் 1842-இல் வாடகை நூலகம் தொடங்கினார். ஆண்டுக்கு ஒரு கினி கட்டினால் ஒரு நேரத்தில் ஒரு தொகுதி எடுத்துப் போகலாம். தொகுதிதான், முழு நாவல் இல்லை! நாவலை மூன்று தொகுதியாக அச்சடித்தால் ஒரே நாவல் மூன்று சந்தாதாரர் கையில் இருக்கும். பதிப்பாளர்களும் அதற்கேற்ப மூன்று தொகுதி நாவலாகவே போட்டார்கள். எழுத்தாளர்களும் இரண்டு தொகுதிக்குரிய கதையை இழுத்து மூன்றாக்கினார்கள். விலை முப்பத்தொன்றரை ஷில்லிங் என்பதால் தனியாள் வாங்கவும் முடியாது, நூலகத்தை விட்டால் கதியில்லை. 1890-களில் நூலகங்களே இது கட்டாது என்று கைவிட்ட பிறகுதான் இங்கிலாந்து நாவல் மெலிந்து, ஒற்றைப் புத்தகமாகி, வாசகர் வீட்டு அலமாரிக்கு வந்தது.

நம் வீட்டு அலமாரி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது பைண்டு செய்த தொடர்கதைகள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த பொன்னியின் செல்வனைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனை! அந்தத் தொகுப்புகள் மூன்று தலைமுறை கை மாறின, ஓவியங்களோடு. சந்தாப் புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிட்டுப் போக முடியாது. விலைக்கு வாங்கிய மின்னூலுக்கே முழு உத்தரவாதம் இல்லை. 2009-இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, பதிப்புரிமைச் சிக்கலால், வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அமேசான் அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அழிந்ததில் ஒன்று 1984 என்பது விதியின் குறும்பு. மறுபடி படிக்கப் போகிற புத்தகம், பிள்ளைகளுக்கு வைத்துப் போகிற புத்தகம் என்றால் அச்சில் வாங்குங்கள். ஒருமுறை படித்து முடித்துக் கைகழுவுகிற புத்தகத்துக்குச் சந்தா.

ஆண்டு முழுக்கக் கட்ட வேண்டும் என்றும் யாரும் நம்மைக் கட்டிப்போடவில்லை. மரக்காணத்து உப்பளத்தில் தை மாசியில் பாத்தி கட்டத் தொடங்கினால் மழை பிடிக்கிற வரை வேலை. விடியலுக்கு முன்பே உப்பு வாரப் போய்விட்டு வருகிறவர் வெயில் காலத்தில் எந்தப் புத்தகத்தைத் திறப்பார்? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் அளத்தில் தண்ணீர் நிற்கும், ஆளுக்கு வேலை இருக்காது. கையில் காசும் மட்டாகத்தான் இருக்கும், அது உண்மை. ஆனாலும் படிக்க நேரம் இருப்பது அப்போதுதான். அந்த மூன்று மாதத்துக்குக் கட்டினால் 507 ரூபாய். தேர்வு முடிந்து விடுமுறையில் இருக்கிற மாணவருக்கு மே மாதம் ஒன்று போதும். புது உறுப்பினருக்கு முதல் மாதம் இலவசம் என்று அவ்வப்போது அறிவிப்பார்கள், அதையும் தை மாதத்தில் வீணாக்காமல் மழை மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிறுத்த மறப்பதுதான் இதில் பெரிய செலவு. சந்தா எடுத்த கையோடு, கணக்குப் பக்கத்தில் போய் புதுப்பித்தலை ரத்து செய்துவிடுங்கள். பணம் கட்டிய மாதம் முடிகிற வரை வழக்கம்போலப் படிக்கலாம். அதையும் மறந்தவர்களுக்கு ரிசர்வ் வங்கி ஒரு வசதி செய்திருக்கிறது. 2021 அக்டோபர் முதல், இப்படித் தானாகப் பிடிக்கிற பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். விளம்பரக் குறுஞ்செய்தி என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். அது வந்த அன்று செயலியைத் திறந்து, இந்த மாதம் எத்தனை புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போனீர்கள் என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் நிறுத்துவதற்கு இன்னும் ஒரு பகல் இருக்கிறது.