பழைய புல்லட்டும் ஹாக்ஸா பிளேடும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழிற்சாலை அனுபவம் பற்றிப் பேசுங்க" என்றுதான் செயலாளர் சொன்னார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருபத்திரண்டு வருஷமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறவனிடம் வேறு என்ன கேட்பார்கள்? ஆனால் காலையில் வாசலில் வண்டியை நிறுத்தியபோது மூன்று மாணவர்கள் என் புல்லட்டைச் சுற்றி வந்து, "சார், இதை முழு கஃபே ரேஸர் ஆக்கலாமே, எங்கே வெட்டணும்?" என்று கேட்டார்கள். அதற்கே இன்று பதில் சொல்லிவிடுகிறேன். இதே வண்டியை ஒரு தடவை வெட்டியவன் நான்.

கஃபே ரேஸர் என்பது 1950, 60களில் இங்கிலாந்தில் பிறந்த சமாச்சாரம். லண்டன் ஏஸ் கஃபே மாதிரி சாலையோரக் கடைகளில் கூடிய இளைஞர்களுக்கு மணிக்கு நூறு மைல், நம் கணக்கில் 160 கிலோமீட்டர், தொடுவதுதான் லட்சியம். காற்றுத் தடை குறைய ஹேண்டில்பாரைத் தாழ்த்தினார்கள். குனிந்து உட்கார ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளினார்கள். எடை குறைய ஒற்றை சீட் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அங்கிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியே 1960களில் 250 சிசி கான்டினென்டல் ஜிடி என்று ஒன்றை விற்றது.

நமக்கும் இதில் உறவு உண்டு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியோடு கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. 2018 வரை நம் திருவள்ளூர் மாவட்டத்தோடு இருந்த திருவொற்றியூரில்தான் புல்லட் உருவானது. 2013-இல் அதே கான்டினென்டல் ஜிடி பெயரில் 535 சிசி வண்டி வந்தது. ஷோரூமில் பார்த்துவிட்டு வந்த எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வாங்கக் காசில்லை, வீட்டில் அப்பா 1986-இல் வாங்கிய புல்லட் இருந்தது. அவரும் சிப்காட்டில் ஃபிட்டர். ரிட்டயரானதும் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டினேன். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டாமா? கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை மாற்றவில்லை. இரும்பு சிலிண்டர் கொதித்து, பொன்னேரி வருவதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. அதிலும் புத்தி வரவில்லை. சீட் அழகாக வர வேண்டும் என்று, பின்பக்க ஷாக் அப்சார்பருக்குப் பின்னால் வளைந்து வரும் ஃபிரேம் குழாயை ஹாக்ஸா பிளேடால் அறுத்தேன். குறுக்கே ஒரு கம்பியை வெல்டு பண்ணி, பெயின்ட் அடித்து, ஒற்றை சீட்டை மாட்டினேன். தெருவே பார்த்தது. அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அம்மா எங்கடா உட்காருவா?"

நாலு மாசம் ஓடியது. ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது, கவரைப்பேட்டை தாண்டி நெடுஞ்சாலையில் வண்டியின் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தது. பின்னால் லாரி. எப்படியோ ஓரம் கட்டினேன். வலது பக்க வெல்டு பாதி விட்டிருந்தது. வண்டியை டெம்போவில் ஏற்றி வந்தேன்.

அப்பா திட்டவில்லை. இடது பக்கப் பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பூசினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளையின்மேல் முடி மாதிரி ஓர் ஈரக்கோடு தெரிந்தது. அங்கேயும் விரிசல்! "நாளைக்கு இது விட்டிருக்கும்" என்றார்.

மாணவர்களே, ஃபேட்டிக் என்று பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். நானும் நல்ல மார்க் வாங்கியவன்தான். அந்த வளைவு வெறும் சீட் தாங்கி அல்ல. இரண்டு பக்க ஷாக் அப்சார்பர்களையும் கட்டிப்போடும் கட்டு. அதை அறுத்து ஒப்புக்கு ஒரு கம்பி வைத்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு கையும் தனித்தனியே வளையும். வெல்டின் ஓரத்தில்தான் விரிசல் பிறக்கும். பெயின்ட் அதை மறைத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் வண்டி 346 சிசி, சுமார் 18 குதிரைத்திறன். எதை வெட்டினாலும் அது 160-ஐத் தொடாது! நமக்கு வேண்டியது அழகுதான், ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அழகுக்காக பலத்தில் கை வைக்கக் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அப்பா ஒரு பழைய ஃபிரேமின் வளைவைத் தேடி வாங்கி, உள்ளே குழாய் செருகி, நல்ல வெல்டரை வைத்துச் சேர்த்தார். அதன் பிறகு என் விதி ஒன்றுதான்: போல்ட்டில் கழற்றி, போல்ட்டில் மாட்ட முடிந்ததை மட்டும் தொடு. கொஞ்சம் தாழ்ந்த ஹேண்டில்பார் போட்டேன். இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, டேங்குக்கும் பிடிக்கும் நடுவே விரல் நசுங்காதா என்று பார்த்த பிறகுதான் ரோட்டில் இறக்கினேன். ஒற்றை சீட்டும் இருக்கிறது. பழைய சீட் பரண்மேல் பத்திரமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அம்மா சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போகணும் என்றால் நாலு போல்ட், கால் மணி நேரம். பழைய சீட் வந்துவிடும்.

வாசலில் கேட்ட தம்பிகளே, வண்டி வெளியேதான் நிற்கிறது. டீ குடித்துவிட்டு வாருங்கள், சீட்டைக் கழற்றி அந்த வெல்டைக் காட்டுகிறேன்.