நம் பெண்களின் காகிதங்கள் எங்கே?

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நடந்த ஞாயிறு குடும்பச் சந்திப்பில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள். தேக்காவில் காய்கறி வாங்க வேண்டிய நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் சட்டம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று பல்கலைக்கழக நூலகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். கூலி வேலை செய்து பிழைத்த குடும்பங்களுக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. காசு கொடுத்த உறவே உண்டு.

1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் நம் சிங்கப்பூரில்தான் தொடங்கியது. அங்கே அமையவிருந்த இந்திய இயல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று வாதாடியவர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. வசதி படைத்தவர்கள் மட்டுமல்ல, அன்றாடக் கூலிக்காரர்களும் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் சேர்ந்தன. பின்னர் அந்தத் துறை கோலாலம்பூருக்குப் போய்விட்டது. ஆண்கள் கொடுத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் பின்னால் வீட்டில் ஒரு பெண் அரிசிச் செலவைக் குறைத்திருப்பாள். இது என் ஊகம்தான், நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் உங்களில் யாரும் மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்தப் பணத்தில் புத்தகங்கள் நூலகத்துக்குள் போயின. அரிசிச் செலவைக் குறைத்தவளின் வாழ்க்கை எந்த நூலகத்துக்குள் போயிற்று?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. ராயல் காமன்வெல்த் சங்கத்தின் பெரிய நூலகம் 1993-இல் அதனோடு சேர்ந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள், தோட்ட துரைமார்கள், அவர்களுடைய குடும்பங்கள் வைத்திருந்த கடிதம், நாட்குறிப்பு, புகைப்படம் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன. 1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்ததும் ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். அந்தப் பெண்கள் சிறைக்குள்ளேயே 'பவ் வவ்' என்று ஒரு செய்தித்தாள் நடத்தினார்கள். முகாம் தாள்களைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய வேலை. பசியிலும் எழுதிய பெண்களை நான் மதிக்கிறேன்.

அதே போரில் நம் ஆட்கள் என்ன ஆனார்கள்? தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயிலுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். அங்கே வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். செத்தவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று மடங்குக்குக் குறையாது என்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுதான் உண்டு, பட்டியல் கிடையாது. செத்தவனுக்கே பட்டியல் இல்லாதபோது, லயத்து வீட்டில் மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிய அவன் மனைவியை யார் எழுதி வைத்தார்கள்?

1943-இல் இதே ஊரில் நேதாஜி ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் துப்பாக்கி பிடித்தார்கள். ஜானகி ஆதி நாகப்பன், ராசம்மா பூபாலன் போன்ற படித்தவர்களின் பெயர் வரலாற்றில் நின்றது. உடன் நின்ற பால்மரத் தொழிலாளிப் பெண்ணைக் குழுப் புகைப்படத்தில் பார்க்கலாம், பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது.

நம் பெண்கள் ஆவணத்திலேயே இல்லையா என்றால், இருக்கிறார்கள். பழைய ஆங்கில நாளேடுகளைத் தேசிய நூலகத்தின் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். போலீஸ் கோர்ட்டுச் செய்தி, மரண விசாரணை, மருத்துவமனைக் குறிப்பு. பல இடங்களில் 'ஒரு தமிழ்ப் பெண்' என்றுதான் இருக்கும். அடி வாங்கினாலோ செத்தாலோதான் காகிதத்தில் வந்தாள். வாழ்ந்ததற்குக் காகிதம் இல்லை.

நடந்து போகும் தூரத்தில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. உலக சாதனை என்று எழுதி வைத்தார்கள். அந்த வார்டுகளைக் கழுவி, துணி துவைத்துப் போட்ட பெண்களில் ஒருத்தியாவது தன் கதையைச் சொல்லி நாம் கேட்டிருக்கிறோமா? கேட்டால் எத்தனை சாதனை வெளியே வரும்!

காகிதம் இல்லாததன் கஷ்டம் என் தொழிலில் தினமும் தெரிகிறது. 1961-இல் மாதர் சாசனம் வந்த பிறகுதான் இங்கே முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருதார மணமும் திருமணப் பதிவும் சட்டமாயின. அதற்கு முன் முறைப்படி நடந்த கல்யாணமும் செல்லும். சரி, நடந்தது என்று எப்படிக் காட்டுவது? கோயிலில் தாலி கட்டியதைப் பார்த்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்படி ஒரு பாட்டிக்குக் கடைசியில் கைகொடுத்தது, பிஸ்கட் டின்னில் கிடந்த கல்யாணப் பத்திரிகையும் ஊரிலிருந்து 'மருமகளுக்கு ஆசி' என்று வந்த ஒரு கடிதமும்தான்.

அந்த டின்னைத்தான் நாம் என்ன செய்கிறோம்? வீவக வீடு மாறும்போது காராங்குனிக்காரரிடம் கிலோக் கணக்கில் போட்டுவிடுகிறோம். சீட்டுப் பிடித்த நோட்டு, அடகுச் சீட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, கிளினிக் அட்டை, பலகாரம் விற்ற கணக்கு எல்லாம் அதிலே போகிறது. சீட்டு நோட்டு ஒன்று போதும், ஒரு புளோக்குப் பெண்கள் வங்கி இல்லாமல் எப்படிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்று ஓர் ஆய்வாளர் புத்தகமே எழுதிவிடலாம்.

குடும்ப விஷயம் வெளியே போகலாமா என்று தாய்மார்கள் பயப்படுவது நியாயம். அதற்கு வழி இருக்கிறது. மூலத்தைக் கொடுக்க வேண்டாம், படமெடுக்க மட்டும் கொடுக்கிறோம் என்று கேளுங்கள். இத்தனை ஆண்டு யாருக்கும் காட்டக் கூடாது, இந்தப் பக்கம் மட்டும் மூடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். கடிதத்தாள் உங்களுடையது, ஆனால் அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருக்குப் பின் வாரிசுக்கும் உரியது. ஆகவே அக்காள் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் உள்ள படிவத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். என்னிடம் கொண்டு வாருங்கள், கட்டணம் இல்லை.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். எந்த நூலகமாக இருந்தாலும், பட்டியலில் பாட்டியின் பெயரைத் தமிழிலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். 'தமிழ்க் கடிதங்கள், ஒரு கட்டு' என்று எழுதிவிட்டால் கொடுத்தும் தொலைந்த மாதிரிதான். தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. இது சலுகை கேட்பது ஆகாது.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக் குரல் இருக்கிறது. நம் எழுத்தாளர் அம்பை தோழியரோடு சேர்ந்து 1988-இல் மும்பையில் 'ஸ்பாரோ' என்ற அமைப்பைத் தொடங்கி, பெண்களின் குரலையும் படத்தையும் சேர்த்து வருகிறார். இங்கே தேசிய ஆவணக்காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறு பதிவு செய்கிறது. தமிழில் பேசியவர்களின் பதிவும் அதில் உண்டு, பலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம். அவர்கள் வந்து கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கைத்தொலைபேசி போதும். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டு, "முதல் சம்பளத்தை என்ன பண்ணினீங்க பாட்டி?" என்று கேளுங்கள். பிறந்த தேதியிலிருந்து ஆரம்பித்தால் இரண்டு நிமிடத்தில் அவர் பேச்சு நின்றுவிடும்.

மண்டபத்தின் பின்னால் தம்பி தங்கைகள் இரண்டு ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். படம் கொண்டு வந்தவர்கள் சாப்பாட்டுக்கு முன் கொடுங்கள், இன்றே திருப்பித் தந்துவிடுவார்கள். கொடுப்பதற்கு முன் படத்தின் பின்புறம் யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மறுபக்கம் ஊறிவிடும். ஆண்டு நினைவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் பாட்டியைக் கேளுங்கள்.