இராஜாஜி: புகழும் வடுவும்



டாக்குரியாவில் வாழும் நாம் இராஜாஜியின் பெயரைப் பெருமையோடு சொல்லுகின்றோம். அண்டை வீட்டு வங்கப் பெரியவர்களோ அப்பெயர் கேட்டதும் மௌனமாகி விடுகின்றனர். அதன் காரணத்தை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1939-ஆம் ஆண்டுத் திரிபுரி காங்கிரஸையொட்டிச் சுபாஷ் சந்திர போஸின் தலைமையை ஓட்டைப் படகுக்கு ஒப்பிட்டார் இராஜாஜி. வங்கம் அதை மறக்கவில்லை. 1947 ஆகஸ்டு 15-இல் அவர் மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்றபோது, சுபாஷின் தமையனார் சரத் சந்திர போஸ் அந்நியமனத்தை எதிர்த்தார். அடுத்த மாதமே நகரில் மீண்டும் கலவரம் மூண்டது; காந்தியடிகள் பேலியாகட்டாவில் உண்ணா நோன்பிருந்தார். அந்நாட்களில் அமைதிக்காக அண்ணலின் அருகே நின்றவர் இந்த ஆளுநரே. 1948 ஜூனில் அவர் இந்தியத் தலைமை ஆளுநரானார். அப்பதவி வகித்த இந்தியர் அவர் ஒருவரே.

தாயகத்திலும் அவர் பெயரில் வடு உண்டு. சென்னை மாகாண முதல்வராக 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தவர், மறு ஆண்டு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்துச் சிறை புகுந்த நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர் நீத்தனர். பின்னாளில், 1965-இல், இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை எதிர்த்து நின்றவரும் இராஜாஜியே. தம் கருத்தை மாற்றிக்கொள்ள அவர் நாணவில்லை.

ஆயினும் 1953-ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்தை நாம் எளிதில் கடந்து செல்ல இயலாது. கிராமத்துப் பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் பள்ளியில் பயில வேண்டும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது அது. தச்சன் மகன் தச்சனாகவே இருப்பதா என்று நாடு கொதித்தது. குலக்கல்வி என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். அது நிலைத்திருந்தால், கல்வி ஒன்றையே கைப்பொருளாகக் கொண்டு கல்கத்தாவுக்கு ரயிலேறிய நம் குடும்பங்களுள் எத்தனை இங்கு வந்திருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

1962-இல், தம் எண்பத்து மூன்றாம் வயதில், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு வாஷிங்டன் சென்று கென்னடியிடம் வாதாடியவரும் அவரே. அவரைப் போற்றுவோர் வடுவை மறைப்பதும், தூற்றுவோர் தொண்டை மறைப்பதும் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதியாகும். இரண்டையும் சொல்லுவோம். வங்க நண்பர் சுபாஷைப் பற்றிப் பேசுகையில் மறுத்துரைக்காது செவி சாய்ப்போம், பேலியாகட்டாவையும் நினைவூட்டுவோம்.