மஞ்சள் தெரியாத காமாலை
(ஜமாஅத் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



காமாலை என்றதும் கண் மஞ்சளாவதையே நாம் நினைக்கிறோம். ஹெபடைட்டிஸ் 'பி' கிருமியோ பெரும்பாலோரிடம் அந்த அடையாளத்தைக் காட்டுவதில்லை. பல்லாண்டுகள் ஓசையின்றிக் கல்லீரலில் தங்கியிருந்து, சிலரிடம் ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படுகிறது. வயிற்றில் நீர் கோத்த பிறகு வருகிறவர்கள், "எனக்குக் காமாலையே வந்ததில்லையே!" என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி 2022-இல் மட்டும் இக்கிருமியால் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் மாண்டனர்.

நம் இளைஞர்கள் பலருக்கு இது தெரியவருவது வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான். 'அன்ஃபிட்' என்று சீட்டு வந்ததும், வேலை போன கவலையில் நோயை மறந்துவிடுகிறார்கள். வீட்டிலும் சொல்வதில்லை. சொன்னால் பெண் கிடைக்காது, சஹனில் உடன் அமர ஆள் வராது என்ற அச்சம். ஒரே சஹனில் உண்பதாலோ, முஸாபஹா செய்வதாலோ, ஹவ்ளில் ஒளூச் செய்வதாலோ இது பரவாது. இரத்தத்தாலும், தாம்பத்திய உறவாலும், பேறுகாலத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். ஒருவருக்கு மழித்த பிளேடு மற்றவருக்கும், ஒரு பிள்ளைக்குச் சுன்னத் செய்த கத்தி தூய்மிக்கப்படாமல் அடுத்த பிள்ளைக்கும் வரலாகாது. மணத்திற்கும் இது தடையன்று. துணைவருக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டால் போதும்.

பச்சிளம் குழந்தைக்குத் தொற்றினால் நூற்றில் 90 பேருக்கு அது நிலைத்துவிடும். வளர்ந்தவர்களில் 5 பேருக்கும் குறைவே. பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தடுப்பூசியை வலியுறுத்துவது அதனால்தான்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்பீர்கள். சென்னைப் பல்கலைக்கழக அறிஞர் தியாகராஜன், இக்கிருமியின் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் இணைந்து 1988-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு பெரும் நம்பிக்கை அளித்தது. பின்னர் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. மூலிகையை நான் இழித்துரைக்கவில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதைத்தான் அஞ்சுகிறேன். நிறுத்தினால் கிருமி திடீரெனப் பெருகிக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடும்.

2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சீட்டைப் பெட்டியில் ஒளித்து வைத்திருப்போர் அதை எடுத்துக்கொள்ளுங்கள். தாயாரையும் அண்ணன் தம்பி, அக்காள் தங்கையரையும் உடன் அழைத்துக்கொண்டு இந்த வாரமே செல்லுங்கள்.