யார் வருகிறார்கள், எந்தப் பேருந்தில்?

    

கல்லூரிகளில் மாணவர் சேர்க்கை ஏன் குறைகிறது? இந்த அரங்கில் பாதிப் பேருக்கு என் பதில் தெரியும். மீதிப் பேர் அதை மறுத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பாடத்திட்டம் பழசாகிவிட்டது, ஆள் வராத தமிழையும் வரலாற்றையும் இயற்பியலையும் மூடிவிட்டுச் செயற்கை நுண்ணறிவைத் திறந்தால் கூட்டம் வரும் என்பது அவர்கள் கட்சி. என் கட்சி வேறு. நம்முடையதைப் போன்ற வட்டாரப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களில் பெரும்பாலோர் பாடத்தைப் பார்த்துச் சேர்வதில்லை. போய்வர முடிகிற நேரத்தையும் கட்ட முடிகிற கட்டணத்தையும் பார்த்துச் சேர்கிறார்கள்.

1990இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்து நம் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தை அமைத்தார்கள். அதன் எல்லை நெல்லை, தூத்துக்குடி, குமரி என்று மூன்று மாவட்டம். 2019இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு நான்கு. பல்கலைக்கழகத்தின் அபிஷேகப்பட்டி வளாகத்தில் படிப்போர் மொத்த மாணவர்களில் சிறு பங்கு. மற்றவர்கள் இணைப்புக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். வளாகத்து வகுப்பறையில் காலி பெஞ்சைப் பார்த்து மாவட்டத்துக்கே சோதிடம் சொல்வது நம் பழைய பழக்கம்.

முதலில் ஓர் எண்ணை அப்புறப்படுத்திவிடுகிறேன். 2019-20இல் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 51.4 என்றது அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு. அடுத்த ஆண்டு அறிக்கையில் 46.9. கொரோனா கொண்டுபோய்விட்டது என்று மேடைதோறும் புலம்பினார்கள். கணக்கிடும் முறை மாறியதை யாரும் கவனிக்கவில்லை. சேர்ந்தவர்களை வகுக்கிற எண்ணான 18 முதல் 23 வயதினரின் தொகையை அதுவரை 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து மதிப்பிட்டார்கள். 2020-21இல் 2011 கணக்குக்கு மாறினார்கள். வகுக்கும் எண் பெருத்தது, ஈவு சிறுத்தது. நாடு முழுமைக்கும் இதே கதைதான்: 2019-20க்கு முதலில் சொன்ன 27.1, திருத்திப் பார்த்தபோது 25.6 ஆயிற்று.

கல்லூரி வயதுப் பிள்ளைகள் குறைவது மட்டும் உண்மை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் கருவள விகிதம் 2005-06லேயே ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை. இன்று கல்லூரி வாசலில் விண்ணப்பத்தோடு நிற்பவர்கள் அந்தக் காலத்தை ஒட்டிப் பிறந்தவர்கள். பிறக்காத பிள்ளைக்குப் பாடத்திட்டம் மாற்றி என்ன பயன்?

பிறந்த பிள்ளைகளுக்கு வருவோம். ஒரே ஒரு மாணவியை எடுத்துக்கொள்கிறேன். ‘மறுபடியும் பீடிக் கதையா’ என்று முன்வரிசையில் முனகுவது காதில் விழுகிறது. மறுபடியும் பீடிக் கதைதான்.

முக்கூடல் பக்கத்துக் கிராமம். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று இந்த வட்டாரத்தில் மடியில் தட்டோடு பெண்கள் உட்கார்ந்திராத தெரு அரிது. அம்மா இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைக்கிறாள். பதமானதும் தகட்டை வைத்து அளவுக்குக் கத்தரிக்கிறாள். தூள் வைத்துச் சுற்றி நூல் கட்டுவது அம்மா. முனை மடக்குவதும் கட்டுப் போடுவதும் மகள். பீடிக் கடையில் சரக்கு எடுக்கிற நேரத்துக்குள் கட்டுகள் போய்ச் சேரவேண்டும். சரியில்லை என்று கடைக்காரர் கழித்துப்போட்டால் நஷ்டம் வீட்டுக்கு. மகளுடைய இரண்டு கை இல்லாவிட்டால் அன்றைக்கு ஆயிரம் பீடி தேறாது.

இந்தப் பெண் பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவள்; நல்ல மதிப்பெண். பாளையங்கோட்டையில் ஓர் உதவிபெறும் கல்லூரியில் பி.காம். கிடைத்தது. ஆனால் சுயநிதிப் பிரிவில், இரண்டாவது ஷிப்டில். கட்டணம் கூடுதல், வகுப்பு விடச் சாயங்காலமாகிவிடும். அதே கல்லூரியில் முதல் ஷிப்டில், அரசு உதவிபெறும் பிரிவில், வரலாறு காலியாக இருந்தது. மதியத்தோடு வகுப்பு முடிந்துவிடும். பேருந்துக் கணக்கும் உண்டு: பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மட்டும்தான். வேறு வண்டியில் ஏறினால் டிக்கெட் எடுக்கவேண்டும். அந்த இலவச வண்டி வரும் நேரத்தை ஊரில் எல்லாப் பெண்களும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அவள் வரலாற்றில் சேர்ந்தாள்.

“ஏம்மா, பி.காம். பிடிக்கலையா?” என்று கேட்டேன்.

“பிடிக்கும் சார். சாயங்கால பஸ்ஸுல வந்தா வீட்டுக்கு வர இருட்டிரும். அம்மாவுக்கு முனை மடக்க ஆள் இல்ல.”

அந்த ஆண்டுச் சேர்க்கைப் பட்டியலில் வரலாற்றில் ஓர் இடம் நிரம்பியது. போட்டித் தேர்வு ஆர்வத்தால் வரலாற்றுக்கு மீண்டும் மவுசு வந்திருப்பதாக நண்பர் ஒருவர் எழுதினார். குரூப் ஃபோர் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை. மறுபக்கத்தில், பி.காம். இரண்டாவது ஷிப்டில் காலியான இடத்துக்கு வேறொரு நண்பர் காரணம் கண்டுபிடித்தார்: பாடத்திட்டத்தில் ஜிஎஸ்டி போதாதாம்.

அவளைப் படிப்பில் நிறுத்திவைத்தவை எவை? அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவள் என்பதால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுந்தது. மகள் கல்லூரிக்குப் போவதால் வீட்டில் குறைகிற கட்டுகளுக்கு அது கொஞ்சம் ஈடு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகை இன்னொன்று. 1976 நலநிதிச் சட்டத்தில் வேர்விட்டது. அதற்குப் பணம் தந்த பீடித் தீர்வை 2017இல் ஜிஎஸ்டி வந்ததோடு ஒழிந்தது. சேர்க்கையை ஆளுகிற இந்த விஷயங்கள் எந்தப் பாடத்திட்டக் குழுவின் கூட்டக் குறிப்பிலும் என் கண்ணில் பட்டதில்லை.

ஒருத்தியை வைத்து நான்கு மாவட்டத்தை அளக்கலாமா? குமரியை அளக்க முடியாது. 2011 கணக்கில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுள்ள மாவட்டம் அது. நாகர்கோவில் பெண்ணுக்குத் திருவனந்தபுரமும் எட்டும் தூரம். நெல்லையின் மேற்குக்கும் தென்காசிக்கும் அவள் போதும்.

பாடப்பிரிவுகள் பற்றிச் சுருக்கமாக. நம் பல்கலைக்கழகம் தன் கடல்சார் மையத்தை ராஜாக்கமங்கலத்திலும் சுற்றுச்சூழல் மையத்தை ஆழ்வார்குறிச்சியிலும் வைத்தது நல்ல முடிவு. கடல் இருக்கும் இடத்துக்கும் மலை இருக்கும் இடத்துக்கும் துறை போனது. கோவிந்தப்பேரி போன்ற ஊர்களில் கல்லூரி திறந்ததும் அதே புத்திதான். அங்கே காலை வகுப்பில் வணிகவியலுக்கு எத்தனை இடம் என்பதே என் கேள்வி. செயற்கை நுண்ணறிவையும் திறக்கட்டும். மதியத்துக்குள் வகுப்பை முடிக்கட்டும்.

செய்ய வேண்டியவை நிறைய. ஆண் பிள்ளைகளைப் பற்றி நான் பேசவே இல்லை. 2024 ஆகஸ்டில் அவர்களுக்கென்று வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம் அவர்களைக் கல்லூரியில் நிறுத்துகிறதா என்று யாராவது பார்க்கவேண்டும். தூத்துக்குடிக் கடற்கரை ஊர்கள் தனி ஆய்வு கேட்கின்றன. தொலைநிலைக் கல்வியில் கல்யாணத்துக்குப் பின் சேர்கிற பெண்கள், விடுதி வசதி, இடைநிற்றல், ஒவ்வொன்றும் ஒரு முனைவர் பட்டத்துக்குக் காணும். விண்ணப்பத்தில் ‘ஏறும் நிறுத்தம்’, ‘வண்டி நேரம்’ என்று இரண்டு கட்டம் சேர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

கல்லூரி முதல்வர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எடைக்குப் போடுவதற்கு முன் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு மாதம் கொடுங்கள்.