காவலன் கண் மூடினால்...



கன்னக்கோலுடன் வருபவனைக் கள்வன் என்கிறோம். ஊர் கூடிக் கட்டிவைக்கிறோம். கையெழுத்தாலே கன்னம் வைப்பவனை என்ன செய்கிறோம்? அவனைக் காண ஊராருக்கு வழியில்லை. காணவேண்டிய காவலனோ கண்ணை மூடிக்கொள்கிறான். ஊழல் வேரூன்றும் இடம் அதுதான்!

விளக்கம் வேண்டுமா? ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

1956-ஆம் ஆண்டிலே, 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி, அரசே அதனை அமைத்தது. அங்கே குவிந்தது எவர் பணம்? ஆசிரியரும் குமாஸ்தாவும், தாம் கண்மூடிய பின்னர் தம் மக்கள் கண்ணீர் சிந்தலாகாதென்று, வயிற்றைக் கட்டிச் செலுத்திய பணம்!

ஓராண்டு முடியவில்லை. 1957 ஜூன் திங்களில், அரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை, ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கிற்று அக்கழகம். முதலீடு பற்றி ஆராயக் குழுவொன்று இருந்தது. அதனைக் கலக்காமலே வாங்கினர்! பூட்டு உடைபடவில்லை, தோழர்களே. சாவி வைத்திருந்தோரே திறந்துவிட்டனர்!

தட்டிக் கேட்டவர் யார்? எதிர்க்கட்சிக்காரரா? இல்லை. ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன், பெரோஸ் காந்தி! 1957 டிசம்பரில் மக்களவையிலே எழுந்தார். கட்சியைப் பார்க்கவில்லை, உறவைப் பார்க்கவில்லை, கணக்கைப் பார்த்தார்!

நீதிபதி சாக்ளா, மக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பணம் பெற்றார் என்று அவர் அறிக்கை கூறவில்லை. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று கூறிற்று. 1958 பிப்ரவரியில் அமைச்சர் பதவி விலகினார்.

பணம் போயின் மீண்டும் ஈட்டலாம். "எல்லோரும் இப்படித்தான்" என்று ஏழை சொல்லத் தொடங்கிவிட்டால், அந்த நம்பிக்கையை எங்கே ஈட்டுவது? முறையாகச் சென்றால் முடியாதென்று, முதியோர் உதவித்தொகைக்கு மனுச் செய்ய வந்த மூதாட்டி, முந்தானையில் முடிந்த காசை அவிழ்க்கிறாள். கை நீட்டாத அலுவலரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று சுற்றத்தாரே ஏசுகின்றனர். நேர்மை நகைப்புக்கிடமாகும் நாளன்று, சட்டம் வெறும் காகிதம்!

ஆகவேதான் உங்களைக் கேட்கிறேன். நாம் ஆளும் மன்றமொன்றில், நம்மவர் ஒருவரே தவறிழைத்தால் என்ன செய்வீர்? "நம்மவராயிற்றே" என்று நாவடக்குவீரா? மாற்றானை நோக்கி நீளும் விரல், நம்மவரைக் கண்டதும் மடங்குமானால், அவ்விரலை நாடு நம்பாது. ஒப்பந்தம் எவருக்கென்று கேளுங்கள். ஏன் அவருக்கென்று கேளுங்கள். கூடவேண்டிய குழு கூடிற்றா என்று கேளுங்கள்! கேட்பவரைத் துரோகி என்று தூற்றாதீர்.

கொடி பிடிக்கும் கை, கணக்கேட்டையும் பிரிக்கட்டும்! மக்கள் நம்மை நம்புவர்.